யாருக்கு எவ்வளவு அனுப்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, வியாபாரக் காகிதங்களைப் போனிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவது பற்றியே கேட்கின்றன. ஹட்டனில் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் வீட்டிலேயே மசாலாத் தேயிலை பாக்கெட் போடுகிறேன். இஞ்சி, ஏலக்காய், கறுவா சேர்த்த வகைகள். இதுவரை இங்குள்ள கடைகளுக்குத்தான் கொடுத்தேன். இப்போது கனடாவிலிருந்து ஒருவர் மின்னஞ்சலில் விசாரிக்கிறார். விலைப்பட்டியலோடு தேயிலை எங்கே வாங்குகிறேன், கலவை அளவு என்ன, மாதம் எவ்வளவு செய்ய முடியும், வேறு யாருக்குக் கொடுக்கிறேன் என்று எல்லாம் கேட்கிறார். எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்பலாமா? அனுப்பாவிட்டால் ஓடர் கைவிட்டுப் போகுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, உங்கள் பாக்கெட்டைப் பற்றிக் கனடாவிலிருந்து ஒருவர் கேட்பது பெரிய விஷயம். அதற்காக அவசரப்பட வேண்டாம். அந்த ஃபோல்டரை அப்படியே அனுப்பாதீர்கள்.

அவர் கேட்டவற்றைப் பிரித்துப் பாருங்கள். மாதம் எத்தனை கிலோ தர முடியும், பாக்கெட் என்ன அளவு, குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும், ஓடர் கொடுத்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்பதை வாங்க நினைக்கும் எவரும் கேட்பார். தாராளமாகச் சொல்லுங்கள். கலவை அளவு, உங்களுக்கு இஞ்சியும் ஏலக்காயும் கொண்டுவந்து தருபவர்களின் பெயர், மற்றவர்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பவை வாங்குபவருக்குத் தேவையே இல்லை. அதே சாமானைத் தானும் செய்து பார்க்க நினைப்பவருக்குத்தான் தேவை. இவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அலுவலகத்தில் அந்த மெயிலை யார் யார் திறப்பார்கள், அங்கே வேலை செய்பவர் அடுத்த வருடம் எந்தக் கம்பனிக்குப் போவார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆளை நம்பலாமா என்று யோசிப்பது அப்புறம் இருக்கட்டும். இந்த வேலை நடக்க இந்தத் தகவல் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

எதை மறைக்கத் தேவையில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. கொரோனா காலத்தில், 2020 இல், அது இணையத்துக்கு மாறியது. ஏல விலைகள் புரோக்கர்மாரின் அறிக்கைகளில் வாராவாரம் வந்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் பிஓபி, டஸ்ட் போன்ற தேயிலை ரகம் எதைப் போட்டாலும், தேயிலையின் அடக்க விலையை அந்த மனிதர் கனடாவில் உட்கார்ந்தபடியே ஏறக்குறையக் கணக்குப் போட்டுவிடுவார். பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் லேபலில் எப்படியும் அச்சாகும். அவரால் கணக்குப் போட்டு எடுக்க முடியாதது, இஞ்சியை எந்தச் சூட்டில் எத்தனை மணித்தியாலம் காயவைத்தீர்கள், நூறு கிராமுக்கு ஏலக்காய் எத்தனை கிராம் என்பதுதான். உங்கள் வியாபாரமே அதில்தான் நிற்கிறது. அது உங்கள் கொப்பியில் இருக்கட்டும். டிரைவில் வேண்டாம், மெயிலில் வேண்டாம், பேஸ்புக்கில் போடும் வீடியோவிலும் வேண்டாம். ஆய்வுகூட அறிக்கை கேட்டால் கொடுங்கள், அதில் செய்முறை இருக்காது.

சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத வியாபாரத் தகவலுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தத் தகவல் அதே துறையில் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே அதற்குப் பெறுமதி இருக்க வேண்டும், உரியவர் அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். நம்மவர்கள் தோற்றுப்போவது கடைசியில் சொன்னதில்தான். லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம் என்று போட்டு வைத்தவர், நான் காப்பாற்றினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வெளிநாட்டில் இருப்பவர்மேல் வழக்கு நடத்தும் செலவையும் நம்மால் தாங்க முடியாது. ஆகவே ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அது கையெழுத்தான பிறகும் கலவை அளவு போகக்கூடாது.

இனி, எப்படி அனுப்புவது. கூகுள் டிரைவில் ஷேர் செய்யும்போது ‘எனிவன் வித் த லிங்க்’ என்று ஒன்று இருக்கும், ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று ஒன்று இருக்கும். முதலாவதைப் போட்டால், அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும், யார் திறந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதைப் போட்டு அவருடைய மின்னஞ்சல் முகவரியை மட்டும் சேருங்கள், ‘வியூவர்’ ஆக. டவுன்லோட், பிரிண்ட், கொப்பி செய்வதை நிறுத்தும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அதையும் நிறுத்துங்கள். ஆனாலும் திரையைப் படம் பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் அனுப்பும் விலைப்பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பெயரையும் திகதியையும் மெல்லிய எழுத்தில் குறுக்கே போட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். தன் பெயர் உள்ள தாளை அடுத்தவருக்குத் தள்ளிவிட எவரும் கொஞ்சம் யோசிப்பார். மற்றது, முழு ஃபோல்டரையும் ஷேர் செய்யாதீர்கள். இன்றைக்கு அதில் உள்ளதை நினைத்துக் கொடுப்பீர்கள். அடுத்த மாதம் அதே ஃபோல்டரில் நீங்கள் போடும் கணக்கும் அவருக்குத் தெரியும். பேச்சு முடிந்ததும் அவருடைய பெயரை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு நாளை இப்போதே கலண்டரில் குறித்து வையுங்கள்.

மாதிரி அனுப்பும்போது பாக்கெட்டில் ஏ, பி, சி என்று குறியீடு மட்டும் போடுங்கள். எந்தக் குறியீடு எந்தக் கலவை என்பது உங்கள் கொப்பியில் இருந்தால் போதும்.

இன்னொன்று. ஓடர் உறுதியாகிப் பணம் பேசும் நேரத்தில்தான் மோசடிக்காரர் நடுவில் நுழைவார். யாராவது ஒருவருடைய மெயில் கணக்கு களவு போயிருந்தால், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரிலேயே அவருக்கு ஒரு மெயில் போகும். மெயிலில் மட்டும் கணக்கு இலக்கத்தை மாற்றமாட்டேன், மாறினால் போனில் பேசுவேன் என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். இப்படிச் சொல்பவரைப் பார்த்து நல்ல வாங்குநர் எவரும் ஓடமாட்டார். ஒழுங்காக வியாபாரம் செய்கிற பிள்ளை என்றுதான் நினைப்பார்.

கேள்வி: நான் மரக்கறி வாங்கித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறியில் அனுப்புகிறேன். சில ஹோட்டல்களுக்கு நேரடியாகவும் கொடுக்கிறேன். விலைப்பட்டியலை மகன் எக்செலில் செய்து தருவான். கொள்விலை உள்ள நிரலை மறைத்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஆனால் ஒரு ஹோட்டல்காரர், லீக்ஸும் கரட்டும் நான் என்ன விலைக்கு எடுத்தேன் என்று சதம் பிசகாமல் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்கிறார். எங்கள் ஆட்களில் யாரோ சொல்கிறார்களா?
– வியாபாரி, நுவரெலியா

பதில்: ஐயா, ஆட்களைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த ஃபைலைப் பாருங்கள். எக்செலில் ஒரு நிரலை மறைப்பது, அதைக் கண்ணில் படாமல் மடித்து வைப்பது மட்டும்தான். பி நிரலுக்கு அடுத்து டி நிரல் இருந்தால், நடுவில் சி எங்கே என்று எவருக்கும் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வலது பக்க மவுஸை அழுத்தி ‘அன்ஹைட்’ கொடுத்தால் உங்கள் கொள்விலை வரிசையாக வந்து நிற்கும். மறைத்த ஷீட்டும் அப்படித்தான். எழுத்தை வெள்ளை நிறமாக்குவதும் அப்படித்தான். விற்பனை விலைக்குள்ளே கொள்விலையோடு இத்தனை வீதம் கூட்டு என்ற சூத்திரம் இருந்தால் உங்கள் இலாப வீதமும் சேர்ந்தே போகிறது. வேர்டிலோ பவர்பொயின்டிலோ எக்செல் படத்தை ஒட்டினால் சில வேளை முழு எக்செல் ஃபைலும் உள்ளே ஒட்டிக்கொண்டு போகும்.

மகனிடம் சொல்லுங்கள்: அனுப்புவதற்கென்று புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, பொருளின் பெயரையும் விற்பனை விலையையும் மட்டும் ‘பேஸ்ட் வெலியூஸ்’ என்று ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பட்டும். பழைய ஃபைலின் நகலில் வேண்டாததை அழித்து அனுப்புவதை விட இதுதான் நிம்மதி. பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைத்து மறைப்பதும் உதவாது. பெட்டிக்கு அடியில் உள்ளதைக் கொப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து வந்துவிடும். 2019 இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கில் சட்டத்தரணிகளே நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் இப்படி மறைத்து, பத்திரிகைக்காரர் அதை எடுத்துப் படித்துவிட்டார்கள்.

கொள்விலையோடு சேர்ந்த முழுக் கணக்கையும் உங்கள் பங்காளிக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஃபைலைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி பூட்டுங்கள். எக்செலில் ‘இன்ஃபோ’ பகுதியில் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’ என்று இருக்கும். ‘புரொடெக்ட் ஷீட்’ என்பது வேறு, அது எழுத்தை மாற்றாமல் தடுக்குமே தவிரப் படிக்காமல் தடுக்காது. ஃபைல் வாட்ஸ்அப்பில் போனால் கடவுச்சொல்லை வாயால் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் அனுப்பினால் பூட்டியதில் பிரயோசனம் இல்லை.

அந்த ஹோட்டல்காரரோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொடுத்த தாளை அவர் படித்தார், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ஆட்கள்மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொத்மலையில் தேயிலைக் கொழுந்து சேர்த்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். மாதக் கடைசியில் கொழுந்து தருபவர்களின் பட்டியலை, பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கிலோ, முற்பணம் எல்லாவற்றோடும், பக்கத்துக் கொமினிக்கேஷனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறோம். முதலாளி, "இதில் என்ன இருக்கு, எல்லாம் நம்ம ஊர் ஆட்கள்தானே" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வாசகர், கொத்மலை

பதில்: தம்பி, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒருமுறை ஒரு கொமினிக்கேஷனில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க நின்றேன். கடைப் பையன் என் ஃபைலைத் தேடி ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தான். திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு, யாருடையதோ வங்கிக் கூற்று, ஒரு கலியாண அழைப்பிதழ், அதற்குக் கீழே ஒரு சம்பளப் பட்டியல். பையன் தவறி அதை அழுத்திவிட்டான். பெயர்கள், ஊழியர் சேமலாப நிதி இலக்கங்கள், யாருக்கு எவ்வளவு கடன் வெட்டு என்பது வரை, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. உடனே மூடிவிட்டான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒருவரும், தன் சம்பளத்தை இப்படி ஊர் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கமாட்டார்.

வாட்ஸ்அப் பாதுகாப்பானது என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். போகிற வழியில் அது பாதுகாப்பானதுதான். அனுப்பியவரையும் பெற்றவரையும் தவிர நடுவில் எவரும் படிக்க முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஃபைல் சாதாரண ஃபைல்தான். கடையின் போனில் ஒரு பிரதி, கொம்பியூட்டரில் ஒரு பிரதி, பேக்கப் எடுத்தால் அங்கே ஒரு பிரதி. நீங்கள் இரண்டு நாளுக்குள் எல்லோருக்குமாக அழித்தாலும், டவுன்லோட் ஆன பிரதி அப்படியே இருக்கும்.

முதலாளிக்கு அவருடைய மொழியிலேயே சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் யார் வீட்டுக் கொழுந்து மாதம் எத்தனை கிலோ, என்ன விலை கொடுக்கிறீர்கள், யார் முற்பணத்தில் இருக்கிறார் என்று எல்லாம் இருக்கிறது. இன்னொரு கொழுந்துக்காரர் கையில் அது கிடைத்தால், அதிகக் கொழுந்து தரும் வீடுகளுக்கு நேரே போய் கிலோவுக்கு ஐந்து ரூபா கூடச் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? உங்கள் முதலாளி வருடக்கணக்கில் சேர்த்த ஆட்கள் அவர்கள். அப்புறம் சட்டமும் இருக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. என்ன வேலைக்காக ஒருவரின் விபரத்தை எடுத்தோமோ அந்த வேலைக்கு வேண்டிய அளவே எடுக்க வேண்டும், பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தேவை முடிந்த பின் வைத்திருக்கக்கூடாது என்பதே அதன் அடிப்படை. கொழுந்து தருபவர் தன் அடையாள அட்டையை உங்களை நம்பித்தான் நீட்டினார்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள். எந்த இலக்கம் யார் என்பதும், அவருடைய அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் ஒரு பேரேட்டில் அலுமாரிக்குள் இருக்கட்டும். வெளியே பிரிண்டுக்குப் போகும் பட்டியலில் இலக்கமும் கிலோவும் தொகையும் போதும். அது தெருவில் விழுந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

முழுப் பட்டியல் கட்டாயம் வேண்டும் என்றால், நீங்களே பென்டிரைவில் கொண்டுபோய், கொம்பியூட்டரில் கொப்பி செய்யாமல் பென்டிரைவிலிருந்தே திறந்து பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பென்டிரைவில் வேறு எதுவும் இருக்க வேண்டாம், கடைக் கொம்பியூட்டரில் வைரஸ் இருக்கலாம். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினீர்கள் என்றால், பக்கத்தில் நின்று டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் வாட்ஸ்அப் உரையாடலிலும் அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்த வாட்ஸ்அப்பைக் கடைக் கொம்பியூட்டரில் ஒருபோதும் திறக்காதீர்கள். எப்போதாவது திறந்திருந்தால், போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்ற இடத்தில் அது இன்னும் இருக்கும். நீங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் உங்கள் செய்திகள் அந்தத் திரையில் வந்துகொண்டிருக்கும். அங்கே தெரியாத பெயர் எதைக் கண்டாலும் ‘லொக் அவுட்’ கொடுங்கள்.

கேள்வி: எல்லவில் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் கடவுச்சீட்டுப் படத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்த ஒரு குழுவில் போட்டு வைக்கிறோம். பிரச்சினை வருமா?
– குடும்பத் தலைவி, எல்ல

பதில்: வரலாம். கடவுச்சீட்டுப் படம் ஒன்று போதும், அந்தப் பெயரில் ஏமாற்றுக் கணக்குத் திறக்கப் பார்ப்பார்கள். குழுவில் உள்ள ஒவ்வொரு போனிலும் அந்தப் படம் கலரிக்குள் இறங்கியிருக்கும், பிள்ளைகள் விளையாடும் போனிலும். பதிவேட்டில் விபரத்தை எழுதியதும் படத்தை அழித்துவிடுங்கள். அனுப்பவே வேண்டாம், வந்ததும் கையில் காட்டினால் போதும் என்று சொன்னால் விருந்தாளிகளும் சந்தோஷப்படுவார்கள். வீட்டின் படங்களை இணையத்தில் போடும்போது மேசைமேல் பதிவேடு திறந்து கிடக்கிறதா, சுவரில் வைஃபை கடவுச்சொல் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஆங்கிலக் கடிதங்களை சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியில் திருத்திக்கொள்வேன். கடிதத்தை முழுவதும் அப்படியே போடுவது சரியா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: திருத்திக்கொள்வதில் பிழையே இல்லை. ஆங்கிலம் வீட்டில் பேசாத நம் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை, அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தில் உள்ள பெயர், விலை, அளவு, கணக்கு இலக்கம் எதுவும் உள்ளே போகக்கூடாது. வாங்குநர் பெயர் இருக்கும் இடத்தில் ‘அ கம்பனி’ என்றும், விலைக்குப் பதில் வெறும் கோடும் போட்டுக் கொடுங்கள். திருத்தி வந்த பிறகு வேர்டில் உண்மையான விபரத்தை நிரப்புங்கள். 2023 இல் சம்சுங் கம்பனியின் ஊழியர்கள் தங்கள் மென்பொருள் ரகசியங்களை அப்படியே அதில் போட்டதால், அந்தக் கம்பனி ஊழியர்கள் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நீங்கள் போடும் எழுத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று செட்டிங்கில் நிறுத்தும் வசதியும் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள். முதலாளிக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். இப்படித்தான் செய்கிறேன், பெயரை எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன் என்று காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் வேலை செய்தவர் விலகி எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டார். நல்ல பையன், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறார். எடுத்தால் மனம் நோகுமே?
– கடைக்காரர், பதுளை

பதில்: போன் எடுத்துப் பேசிவிட்டு இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஐயா. அவருக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு உங்கள் கடை விலை ஒன்று வெளியே போனால் முதல் பழி அந்தப் பையன்மேல்தான் விழும். குழுவில் எடுத்தது போதாது. கடையின் மெயில் கடவுச்சொல், பேஸ்புக் பக்கத்தின் நிர்வாகி உரிமை, டிரைவில் ஷேர் செய்த ஃபைல்கள், கடை வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க ரகசிய எண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். எந்தக் கணக்காவது அவருடைய போன் இலக்கத்தில் பதிவாகியிருந்தால், கடவுச்சொல்லை மாற்றும்போது வரும் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஆகவே முதலில் இலக்கத்தை உங்களுடையதாக மாற்றிவிட்டு அப்புறம் கடவுச்சொல்லுக்குப் போங்கள். கடைக் கணக்கு எதுவும் உண்மையிலேயே களவு போய்விட்டது என்று தெரிந்தால் 101 க்கு அழைத்து, இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பிடம் சொல்லுங்கள்.